இடக்கைப் பக்கத்து மடைகள்

அவர் தண்ணீரைக் காலால் அளப்பார். மடையை அடைப்பதற்கு முன் வயலுக்குள் வலது காலை இறக்குவார். கணுக்காலுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் பழைய அரிவாள் தழும்பு ஒன்று இருந்தது. அது நனைந்தால் அந்த வயலுக்குப் போதும் என்று அர்த்தம். நனையவில்லை என்றால் வரப்பில் குந்தி உட்கார்ந்து, நனையும்வரை காத்திருப்பார். வயல் யாருடையது என்பது அந்தத் தழும்புக்குத் தெரியாது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே இருக்கிறது. ஊர் வாய்க்காலில் நீர் பாய்ச்சும் வேலை அவருடையது. தண்ணிக்காரர் என்றால் சுற்றியிருந்த நாலைந்து ஊர்களிலும் அவரைத்தான் குறிக்கும். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை ஒருமுறை ஊர் நடுவில் நின்று உரக்கப் படித்திருக்கிறேன். அது போதும்.

நடந்ததைப் புரிந்துகொள்ள அந்த வாய்க்காலைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவது. ஒரே எட்டில் தாண்டிவிடலாம். தென்கரை முழுக்க மிராசுதாரின் பண்ணை நிலம். வடகரை குத்தகைக்காரர்களுடையது, மூன்று மா, ஐந்து மா என்று, அதாவது ஓரிரு ஏக்கராக, துண்டு துண்டாக. இரண்டு கரையிலும் சேர்த்து முப்பத்திரண்டு மடைகள். மடை என்றால் பெரிய கட்டுமானம் ஒன்றும் இல்லை. கரையில் வெட்டிய ஒரு வாய். மண்ணும் புல்லும் வைத்து அடைப்பது, மண்வெட்டியால் இழுத்துத் திறப்பது. முறைத் தண்ணீர் வரும் நாட்களில் காலையில் தலைமதகிலிருந்து கிழக்கே நடந்துகொண்டே எல்லா மடைகளையும் திறப்பார். மாலையில் கடைமடையிலிருந்து மேற்கே திரும்பி நடந்துகொண்டே எல்லாவற்றையும் அடைப்பார். போகும்போதும் வரும்போதும் தறியில் நாடா ஓடுவதுபோல இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகத் தாண்டித் தாண்டித்தான் நடப்பார்.

"தண்ணி பள்ளத்தைத்தான் பாக்கும், பட்டாவைப் பாக்காது" என்பது அவர் அடிக்கடி சொல்வது. சொல்லிவிட்டு, சொன்னபடியே நடப்பவர் என்பதுதான் அவரிடம் இருந்த விசேஷம்.

ஒரு குறுவைச் சமயம். தென்கரை மடை ஒன்றை அவர் அடைத்துக்கொண்டிருந்தபோது மிராசுதாரே குடையோடு வந்து நின்றுவிட்டார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தேன்.

"ஏண்டா, என் மடையை அடைக்க நீ யாருடா?"

"தண்ணிக்காரங்க."

"வாய்க்கா யாருது?"

"ஒங்களுதுன்னே வச்சிக்கிட்டாலும், தண்ணி மேட்டூருலேருந்து வருதுங்க. அதுக்கு ஒங்க வெலாசம் தெரியாதுங்க."

மிராசுதார் சிரித்துவிட்டார். "பயலுக்கு வாயப் பாருங்க தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மடை அடைக்கப்பட்டது.

இன்னொரு வருடம், தண்ணீர் குறைந்துபோன வருடம். அவருடைய மகள் அஞ்சலையை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்கு வடகரையில், கடைமடைக்குப் பக்கத்தில் மூன்று மா குத்தகை. அஞ்சலை மடையின் குறுக்கே நின்றுகொண்டாள்.

"அப்பா, பயிரு கருகுதுப்பா. ஒரு நாழி விடுங்க."

"ஒனக்கு ஒரு நாழி விட்டா அடுத்த மடைக்காரனுக்கு ஒரு நாழி கொறையும். நாளைக்கி அவன் மூஞ்சில எப்படி முழிக்கிறது? நவுரு."

அவள் நகர்ந்தாள். பொங்கல் வரைக்கும் அப்பனோடு பேசவில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார், மகளின் ரோஷத்தைப் பற்றிய பெருமையோடு.

நான் அந்த ஊரின் கிளை அஞ்சலகக்காரன். காலையில் முத்திரையில் தேதியை மாற்றுவதுதான் என் முதல் வேலை. அந்தப் பழக்கம் எனக்குள்ளும் ஏறிவிட்டது. மழை பெய்தால், மாடு கன்று போட்டால், புத்தகம் படித்து முடித்தால், எல்லாவற்றுக்கும் நாள் கிழமை போட்டு எழுதி வைப்பேன். மன்னார்குடி நூலகத்திலிருந்து வாரம் நாலு புத்தகம் எடுத்து வருவேன். புதிய ஆட்சி கோட்டையில் ஏறி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சுயமரியாதை பற்றிப் படித்திருந்தவன் ஆகையால் தண்ணிக்காரரை ஊரார்போல 'வாடா போடா' என்னாமல் 'வாங்க போங்க' என்பேன். அதில் எனக்குத் தனிக் கர்வம் உண்டு. ஆனால் அஞ்சலகத்தில் இருந்த இரண்டாவது நாற்காலியில் அவரை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை.

நான் சொல்லப்போவது, கிழக்கே ஒரு ஊரில் குடிசையோடு மக்களைக் கொளுத்திய கொடுமைக்குப் பிறகு வந்த இரண்டாவது சம்பா. குத்தகையைப் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்தது. வடகரைக்காரர்கள் எல்லோரும் சங்கத்தில் சேர்ந்து செங்கொடி நட்டிருந்தார்கள். மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து நடவு செய்தார். ஒரு கரைக்காரன் பேச்சுக்கொடுத்தால் மறு கரைக்காரன் முகம் கொடுக்கமாட்டான். தாசில்தார் கூட்டிய சமாதானப் பேச்சில் கூலி முடிவாகவில்லை, குத்தகை முடிவாகவில்லை. இரண்டே விஷயங்களுக்குத்தான் இரு தரப்பும் தலையாட்டின. தண்ணீர் விடுவது பழைய தண்ணிக்காரர்தான், வேறு யாரும் மடையில் கை வைக்கக் கூடாது. தண்ணீர் விட்ட விவரத்தை நோட்டில் எழுதுவது அஞ்சலகத் தம்பி. என் பெயரை இரண்டு பக்கமும் சொன்னதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அன்று இரவே நோட்டுக்கு அட்டை போட்டேன்.

ஆனால் அவருக்கு உடம்பு மாறத் தொடங்கியது அதற்கு முன்பே, வைகாசியில்.

ஒருநாள் காலை, ஈரத் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அஞ்சலக வாசலில் நின்றார்.

"என்னங்க, தலைவலியா?"

"ஆமாங்க தபால் ஐயா. விடிஞ்சா வருது, வெயிலு ஏறுனா போயிடுது. ஊருல எல்லாத்துக்கும் வெயில்ல தல வலிக்கும். எனக்கு மட்டும் வெயிலு வந்தாத்தான் விடுது. எல்லாத்துக்கும் தலகீழ்."

"பித்தமா இருக்கும். இஞ்சி தட்டிக் குடிங்க."

அடுத்த மாதம் கரையில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வெறும் வயிறு. "கொமட்டவே இல்லீங்க. மடையைத் தொறந்துவிட்ட மாதிரி வருது, போவுது" என்று வாயைக் கொப்பளித்தார். டீக்கடையில் அதற்கு வேறு விளக்கம் சொன்னார்கள். மதுவிலக்கு இருந்த காலம். எந்தத் தோப்பில் காய்ச்சுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த காலமும்கூட.

ஆடியில் அவருடைய இடது தோளில் சிராய்ப்பு. வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த பனைமரத்தில் இடித்துக்கொண்டாராம். முப்பது வருடமாக அதே இடத்தில் நிற்கும் பனைமரம். அதே மாதம் ஒருநாள் நான் சைக்கிளில் அவருக்கு இடப்பக்கமாக வந்து மணி அடித்தேன். அவர் ஒதுங்கவில்லை, என் பாதையிலேயே சாய்ந்து வந்தார். நான் வயலுக்குள் இறங்கித் தப்பினேன். 'மணியடித்தாலும் ஒதுங்குவதில்லை இப்போது' என்று அன்று மாலை என் சொந்தக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். சுயமரியாதை பற்றி அத்தனை படித்தவன் எழுதிய வாக்கியம் அது.

எங்கள் வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால் கொல்லைப்புறக் கொட்டகையில் அவருக்கு இலை போடுவார் என் அம்மா. ஆடிப்பெருக்கு அன்று அப்படிப் போட்டார். சோற்றுக்கு இடப்பக்கமாகப் பொரியலும் கூட்டும் வைத்திருந்தார். அவர் வலப்பக்கத்துச் சோற்றை மட்டும் குழம்போடு பிசைந்து சாப்பிட்டுவிட்டுத் தலையை நிமிர்த்திக் கேட்டார்:

"அம்மா, தொட்டுக்க ஒண்ணும் இல்லீங்களா?"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எலையில வச்சிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்றார். அவர் இலையைப் பார்த்தார். சிரித்தார். ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பார். கை கழுவிக்கொண்டு போய்விட்டார். அவர் விட்டுப்போன இலையை அம்மா என்னிடம் காட்டினார். நடுவில் கோடு கிழித்ததுபோல வலப்பாதி துடைத்து வைத்திருந்தது; இடப்பாதி போட்டது போட்டபடி. "பண்ணை வீட்டுல தின்னு பழகுன நாக்கு. நம்ம வீட்டுப் பொரியல் எறங்குமா? கொழுப்பு" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆவணியில் முறைத் தண்ணீர் தொடங்கியது. என் நோட்டும் தொடங்கியது. நண்பகலில் கடிதம் கொடுக்கப் போகும்போது திறந்த மடைகளையும், மறுநாள் காலையில் முதல் வேலையாக அடைத்த மடைகளையும் பார்த்து எழுதுவேன். மூன்றாம் நாளே எழுத விஷயம் கிடைத்துவிட்டது. வடகரையில் இரண்டு மடைகள் திறக்கப்படவில்லை. மறுநாள் காலை பார்த்தால் தென்கரையில் ஒரு மடை அடைக்கப்படவில்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. ஆவணி முடிவதற்குள் இரண்டு ஐந்தாயிற்று. புரட்டாசியில் ஐந்து ஒன்பதாயிற்று. வடகரையில் நட்ட நாற்று வெடிப்பில் காய்ந்தது. தென்கரையில் நட்ட நாற்று தண்ணீரில் அழுகியது.

வடகரைக்காரர்கள், பண்ணை அவரை வாங்கிவிட்டது என்றார்கள். பண்ணையில், சங்கம் அவரை வாங்கிவிட்டது என்றார்கள். சங்கத் தலைவர் வடகரையில் நின்று "அண்ணே" என்று கூப்பிட்டபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார் என்பது பெரிய பேச்சானது. டீக்கடையில் ஒருவன் சொன்ன கேலி ஊரெல்லாம் சுற்றியது: "காலையில பண்ணைக்கு வேல பாக்குறாரு, சாயங்காலம் சங்கத்துக்கு வேல பாக்குறாரு. ரெண்டு ஷிப்டுடா!" நானும் சிரித்தேன். அன்றைய பக்கத்தின் ஓரத்தில், 'இரு தரப்பிலும் பெறுகிறார் போலும்' என்று எழுதினேன். நேராகப் பார்த்ததை மட்டும் எழுத வேண்டிய நோட்டில் நான் எழுதிய ஒரே ஊகம் அது.

ஒருமுறை அவரிடமே கேட்டேன்.

"வடகரையில ஆறு மடை அடைச்சே கெடக்கே. ஏன் தொறக்கல?"

"எல்லாத்தையும் தொறந்துட்டுத்தாங்க வந்தேன்."

"நான் இப்பதான் பாத்துட்டு வர்றேன்."

அவர் முகத்தில் பயம் தெரிந்தது. அதைக் குற்றவாளியின் பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்ப எனக்குப் பின்னாடியே யாரோ வந்து அடைக்கிறாங்க தபால் ஐயா. நான் எதையும் விடல. நீங்க எழுதிக்குங்க. எல்லாத்தையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.

புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆரம்பப் பள்ளி வாசலில் ஊர் கூடியது. ஒரு பக்கம் மிராசுதார் பெஞ்சில். மறுபக்கம் சங்கத்தார் தரையில். நடுவில் அவர், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அஞ்சலை தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றாள். அவருக்கு இடப்பக்கம் நின்று நான் நோட்டைப் படித்தேன். முதலில் அவர் பெயர். பிறகு நாள், கரை, மடை எண். பெயரைச் சொன்னதும் அவர் குரல் வந்த திசையைத் தேடுகிறவர்போல வலப்பக்கமாகத் தலையைத் திருப்பினார்.

"மூஞ்சியத் திருப்பிக்கிறான் பாரு" என்றது ஒரு குரல். இரண்டு பக்கமும் சிரித்தார்கள். ஒன்றாகச் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

பாதி நோட்டு படித்திருப்பேன். "போதும்யா. இன்னும் என்ன பாராயணம்?" என்றார் மிராசுதார். சங்கத் தலைவரும் போதும் என்றார்.

"முழுசாப் படிங்க தபால் ஐயா" என்றார் அவர்.

நான் நோட்டை மூடினேன். மிச்சம் இருந்த பக்கங்களும் அவருக்கு எதிரானவைதான். அவரைக் காப்பாற்றுவதாகவே நினைத்துக்கொண்டேன்.

அவரை நீக்கும் தீர்மானத்தை நான்தான் எழுதினேன். அவருடைய மண்வெட்டி ஊர்ப் பொதுவுக்கு. வரும் அறுவடையில் அவருக்குக் கதிர்க்கட்டு கிடையாது. ஒவ்வொரு வயலிலிருந்தும் கிடைக்கும் அந்தக் கட்டுதான் அவருடைய வருடச் சோறு. மிராசுதார் கையெழுத்திட்டார். அதற்குக் கீழேயே சங்கத் தலைவர் கையெழுத்திட்டார். கூலிக்கும் குத்தகைக்கும் ஒரே தாளில் ஒப்பமிடாதவர்கள் இதற்கு இட்டார்கள். கடைசியாக அவருடைய கைநாட்டு. ஆண்களுக்கு இடது பெருவிரல். மைப்பெட்டியை நீட்டினேன். அவர் கை எழவில்லை. முரண்டு பிடிக்கிறார் என்று நினைத்து நானே அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கினேன். நனைந்த துணிபோல இருந்தது. விரலில் மை தடவி, தாளில் அழுத்தி, உருட்டி எடுத்தேன். கையை விட்டதும் அது தானாகத் தொங்கியது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அன்று வீடு திரும்பியபோது வரலாற்றில் எனக்கும் ஒரு சிறு இடம் இருக்கிறது என்று தோன்றியது. இரு கரையையும் ஒரு தாளில் சேர்த்தவன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒருநாள் காலை அஞ்சலை நனைந்தபடி அஞ்சலகத்துக்கு ஓடிவந்தாள்.

"ஐயா, அப்பாவுக்கு இடது கையும் காலும் இழுத்துக்கிச்சு. வாயில நொரை. காத்து அடிச்சிருச்சுன்னு வேப்பெலை அடிக்கிறாங்க. நீங்க படிச்சவங்க. வந்து என்னான்னு பாருங்க."

அந்த ஊரில் எனக்கு இருந்த தகுதி அது ஒன்றுதான். போனேன். வலிப்பு நின்று மயக்கத்தில் கிடந்தார். செய்தி எட்டியதும் மிராசுதார் கேட்காமலே காரை அனுப்பினார். சங்கத்துப் பையன்கள் நாலு பேர் அவரைத் தூக்கிக் காரில் கிடத்தினார்கள். அந்த இரு தரப்பையும் நான் பிற்பாடு எத்தனையோ விஷயங்களில் குறை சொல்லியிருக்கிறேன். இந்த விஷயத்தில் சொல்ல எனக்கு வாயில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நோட்டை எடுத்துக்கொண்டு நானும் ஏறினேன்.

தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர். மறுநாள் தண்ணிக்காரருக்கு நினைவு தெளிந்ததும், சிறிய விளக்கு ஒன்றை வைத்து விழிக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு எதிரில் நின்று இரண்டு கைகளையும் அகல விரித்து நீட்டினார். தண்ணிக்காரரின் வலப்பக்கம் ஒரு கை, இடப்பக்கம் ஒரு கை.

"என் மூக்கையே பாருங்க பெரியவரே. எந்தக் கை விரல் அசையுது?"

"ஒத்தக் கையத்தானுங்களே நீட்டியிருக்கீங்க."

ஆடிப்பெருக்கு இலை கண்முன் வந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று டாக்டர் அஞ்சலையைக் கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நாள் விவரம் கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது, நோட்டை நீட்டினேன். டாக்டர் நின்றபடியே புரட்டினார். பிறகு உட்கார்ந்து புரட்டினார்.

"இது என்ன, வடகரை தொறக்கல, தென்கரை அடைக்கல?"

வாய்க்காலை விளக்கினேன்.

"காலையில எந்தத் திசையா நடப்பார்?"

"கிழக்கால சார்."

"கிழக்கே பாத்து நடந்தா வடக்கு எந்தக் கைப் பக்கம்?"

"இடக்கை."

"சாயங்காலம் மேற்கே நடக்கும்போது தெற்கு?"

அஞ்சலைதான் சொன்னாள். "அதுவும் இடக்கைதாங்க."

டாக்டர் எங்களுக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார். மூளையின் வலப்பக்கம் ஒரு கட்டி. கண்ணில் குறையில்லை. கண் பார்ப்பதை வாங்கிக்கொள்ளும் இடத்தைக் கட்டி நெரித்துவிட்டது. அதனால் இடப்பக்கம் தெரியாது. தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே தோன்றாது. படுத்து எழுந்ததும் வரும் தலைவலி, குமட்டாமல் வரும் வாந்தி, போகப் போக ஒரு பக்கம் கை தளர்வது, கடைசியில் வலிப்பு. எல்லாம் வரிசையாக வந்திருக்கிறது.

இதில் எதுவும் எனக்குப் புதிதில்லை. அதுதான் கேவலம். ஆனி மாதம் நூலகத்தில் ஒரு மருத்துவ மாத இதழில் மூளைக் கட்டியைப் பற்றிய கட்டுரையைப் படித்து, இந்த அறிகுறிகளையெல்லாம் நாள் போட்டு என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். காலைத் தலைவலி என்பதற்குக் கீழே கோடுகூடப் போட்டிருந்தேன். அந்தக் குறிப்பேட்டின் மேல்தான் தண்ணீர் நோட்டை வைத்திருந்தேன், ஒரே அலமாரியில். அந்த நோய் பட்டணத்தில், படித்தவர்களுக்கு, பெயர் உள்ளவர்களுக்கு வருவது என்று மனதுக்குள் வைத்திருந்தேன் போலிருக்கிறது. தண்ணிக்காரருக்கு வந்தால் அது பித்தம், சாராயம், கொழுப்பு, துரோகம்.

"இத்தனை சரியா ஒரு நோயாளியைப் பத்தி யாரும் எழுதி நான் பாத்ததில்ல" என்றார் டாக்டர். "ஒவ்வொரு வாரமும் எத்தனை மடை கூடுதலா விட்டுப்போச்சுன்னு இருக்கு. கட்டி வளந்ததை இதுலயே பாக்கலாம். யாரு எழுதினது? இவ்வளவு கவனிச்சவர் ஏன் ரெண்டு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வரல?"

"ஊர்ல எழுதுனது சார்" என்றேன்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள்.

மெட்ராசுக்குக் கொண்டுபோனால் மண்டையைத் திறந்து பார்ப்பார்கள், ஆனால் இப்போது அதைத் தாங்கும் தெம்பு இல்லை என்றார் டாக்டர். முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாது. முயற்சி பண்ணியிருக்கலாம்" என்றார். ஒன்பது நாள் இருந்தார். கார்த்திகை பிறப்பதற்கு முன் போய்விட்டார்.

ஊரில் நான் சொல்லாமல் இல்லை. மிராசுதாரிடம் தனியாகச் சொன்னேன். "அடப் பாவமே" என்றார். சங்கத் தலைவரிடம் தனியாகச் சொன்னேன். அவர் அழுதுவிட்டார். ஆனால் பள்ளி வாசலில் ஊரைக் கூட்டி, படித்த அதே இடத்தில் நின்று, படித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. கூட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தீர்மானத் தாள் அப்படியே இருந்தது. இன்றும் என்னிடம் இருக்கிறது, அந்த இடது பெருவிரல் ரேகையோடு.

இதையெல்லாம்விட எனக்குத் தாங்க முடியாதது ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் நாலாம் நாள். பேசுவதானால் அவருக்கு வலப்பக்கம் நின்று பேசுங்கள், அப்போதுதான் ஆள் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அஞ்சலை வலப்பக்கம் உட்கார்ந்து ஸ்பூனால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனேன். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் நின்றேன். தெரியாமல் நிற்கவில்லை. தெரிந்துதான் நின்றேன். அவருடைய தோளுக்கும் எனக்கும் ஒரு முழத் தூரம்கூட இல்லை.

அவர் கஞ்சியை விழுங்கிவிட்டு மெல்லக் கேட்டார்.

"அஞ்சல, தபால் ஐயா வந்தாரா?"

அவள் ஸ்பூனை நிறுத்தினாள். கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை.

"வந்தா சொல்லு. அன்னிக்கி அவரு முழுசாப் படிக்கல. மிராசு அவசரப்படுத்திட்டாரு. அவரு நோட்டுல எல்லாம் இருக்கும். நான் தொறந்தது, அடைச்சது, எல்லாம். அவரு ஒண்ணு விடாம எழுதறவரு. ஒரு தடவ முழுசாப் படிச்சா ஊருக்குத் தெரிஞ்சிடும்."

"சொல்றேம்ப்பா."

"இன்னிக்கி வருவாரா?"

அஞ்சலை என்னிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் ஓர் அடி எடுத்து வைத்துக் கட்டிலைச் சுற்றி வந்திருக்கலாம். அதற்கு வேண்டிய நேரத்தை அவள் கொடுத்தாள்.

பிறகு சொன்னாள்:

"இன்னும் வரலப்பா."